பச்சை நிறம் காட்டிய பகலவன்

1883ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1059ஆம் ஆண்டு ஆவணி முடியும் தறுவாய். பேச்சிப்பாறை அணை கட்டப்படாத காலம் அது. அம்மாதம் 9, 10 தேதிகளை ஒட்டி, இலங்கையிலும் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலும் மக்கள் ஒரு விந்தையைக் கண்டனர். காலையில் கிழக்கே எழுந்த சூரியன் செந்நிறமாகவோ பொன்னிறமாகவோ இல்லை. பசும் இலையின் நிறம் காட்டிற்று. சற்று மேலே ஏறியதும் நீலம் கலந்தது. உச்சியை நெருங்கும்போதுதான் வழக்கமான வெண்மையை அடைந்தது. மாலையில் இம்மாற்றங்கள் தலைகீழாக நிகழ்ந்தன. ஒளி மங்கி நின்றபடியால் கண் கூசாமல் வெறுங்கண்ணாலேயே கதிரவனைப் பார்க்க முடிந்தது. சில நாள்கள் இந்நிலை நீடித்துப் பின் மறைந்தது. ஆனால் 22ஆம் தேதியளவில் மீண்டும் தலைகாட்டிற்று.

நமது நாஞ்சில் நாட்டிலும், மேகம் மறைக்காத இடங்களில், நம் பாட்டனாரின் பாட்டனார் இதனைக் கண்டிருக்கவே வேண்டும். கன்னிப்பூ அறுவடைக் காலத்தில் வயலில் நின்றவர்களும், விடியற்காலையில் கட்டுமரம் தள்ளியவர்களும் பச்சைச் சூரியனைக் கண்டு என்ன நினைத்திருப்பர்! வானம் தன் இயல்பில் இருந்து மாறினால் அதனை வரப்போகும் தீங்கின் அறிகுறியாகக் கொள்வது எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவான வழக்கம். அந்த மாற்றத்தைச் செய்தது வானமன்று, பூமியின் வயிறு என்பதை அன்று அறிந்தவர் மிகச் சிலரே.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 26, 27 தேதிகளில், ஜாவா, சுமத்திரா தீவுகளுக்கு இடைப்பட்ட சுந்தா நீரிணையில் இருந்த கிரக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறிற்று. 27ஆம் தேதி காலை 10 மணியளவில் எழுந்த இறுதி வெடியோசை, 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ரொட்ரீகஸ் தீவில், தொலைவில் பீரங்கி முழங்குவதுபோல் கேட்டது. கடல் பொங்கிக் கரையோர ஊர்களை வாரிச் சென்றதில் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆழிப்பேரலை என்றால் என்னவென்று நம் மாவட்டத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் 2004 டிசம்பர் 26ஆம் நாளை மறக்க இயலாது. அது கடலடி நிலநடுக்கத்தால் விளைந்தது; கிரக்கத்தோவாவின் அலையோ எரிமலை வெடிப்பால் எழுந்தது. காரணம் வேறாயினும் துயரம் ஒன்றே.

அலையைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகவில்லை. மேலே சென்ற புகையைப் பற்றியதே இக்கட்டுரை.

கிரக்கத்தோவாவில் இருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில், வடமேற்கில் இருக்கிறது. எரிமலைப் புகை நேராக இங்கு வந்திருந்தால் இரண்டொரு நாளில் வந்திருக்கும். வந்ததோ பதின்மூன்று நாள் கழித்து! இடையில் அது எங்கே போயிற்று? கப்பல் தலைவர்களும் பாதிரிமார்களும் அரசு அலுவலரும் எழுதி வைத்த குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. புகைப்பட்டை முதலில் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி ஓடியது. இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவைத் தாண்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் தென் அமெரிக்காவின் வடகரையை அடைந்து, 5ஆம் தேதி பசிபிக் மாகடலின் நடுவில் உள்ள ஹொனலூலுவில் காணப்பட்டது. அங்கிருந்து மேலும் மேற்கே சென்று, உலகை முழுதாக ஒருமுறை வலம் வந்து, புறப்பட்ட இடத்தையும் கடந்துதான் நம் பக்கம் எட்டிப் பார்த்தது. முதற்சுற்றில் குறுகலாக இருந்த பட்டை இரண்டாம் சுற்றில் வடக்கும் தெற்கும் அகன்றதால்தான் இலங்கையும் தென்னிந்தியாவும் அதன் நிழலில் அகப்பட்டன. 22ஆம் தேதி மீண்டும் பச்சைச் சூரியன் தோன்றியது ஏன் என்பதற்கும் இதுவே விளக்கம்: 9உடன் 13ஐக் கூட்டினால் 22. புகை மூன்றாம் முறையாகச் சுற்றத் தொடங்கிவிட்டது!

பதின்மூன்று நாளில் 40,000 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 125 கிலோமீட்டருக்கும் மேலான வேகம். அவ்வளவு உயரத்தில் காற்று இடைவிடாமல் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது என்பதை மனிதன் அறிந்தது அப்போதுதான். பலூனோ விமானமோ எட்டாத உயரத்தின் காற்றோட்டத்தை ஓர் எரிமலையே வரைபடமாகத் தீட்டிக் காட்டியது எனலாம். அக்காற்று எப்போதும் ஒரே திசையில் வீசுவதன்று என்பது பின்னர் தெரியவந்தது. ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒருமுறை கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் மாறி மாறி அரசாள்கின்றன. 1883இல் கிழக்குக் காற்றின் முறை நடந்தபடியால் புகை மேற்கே ஓடிற்று.

சென்னையில் இதனை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித். ஸ்காட்லாந்தில் பிறந்து தமிழகத்திலேயே வாழ்ந்து மறைந்தவர். சூரிய ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்துப் பார்த்த அவர், செந்நிறப் பகுதியில் நீராவிக்குரிய கருங்கோடுகள் மிக அழுத்தமாய் இருப்பதைக் கண்டு, பச்சை நிறத்திற்குக் காரணம் காற்றில் மிகுந்த நீராவியே என்று கருதினார். எரிமலைத் தூசியே காரணம் என்பது பிறர் கட்சி. வழக்கு எரிமலைப் பக்கமே தீர்ந்தது. எனினும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. அவர் குறித்து வைத்தவை, இலண்டன் அரசுக் கழகம் 1888இல் வெளியிட்ட கிரக்கத்தோவா பேரறிக்கைக்குப் பயன்பட்டன. பிற்காலத்தில் அரசாங்க வானியலாராகி, 1899இல் கொடைக்கானல் வானாய்வுக் கூடம் இயங்கத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானவரும் இவரே. இன்றும் கொடைக்கானலுக்குச் செல்வோர் அக்கூடத்தைக் காணலாம்.

சூரியன் ஏன் பச்சையாயிற்று? நாள்தோறும் அந்தியில் சூரியன் சிவப்பது ஏன் என்று அறிந்தால் இதுவும் விளங்கும். காற்றின் மூலக்கூறுகள் மிகமிகச் சிறியவை. அவை நீல ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிட்டுச் சிவப்பை நேரே விடுகின்றன. அதனால் வானம் நீலம். சாயும் சூரியன் சிவப்பு. ஆனால் மிதக்கும் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த பருமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்களவில், ஏறக்குறைய ஒரே அளவாகவும் அமைந்துவிட்டால் கதை மாறும். அவை சிவப்பையே மிகுதியாகச் சிதறடிக்கும். நேரே வருவதில் பச்சையும் நீலமும் மிஞ்சும். துகள்கள் ஒரே அளவாய் அமைவது அரிது. ஆகவே பச்சைச் சூரியனும் அரிது. கிரக்கத்தோவாவின் தூசி, தொடக்க வாரங்களில் அந்த அரிய அளவில் இருந்தது.

ஹொனலூலுவில் சூரியனைச் சுற்றிக் கலங்கிய செம்பழுப்பு வளையம் ஒன்றையும் கண்டனர். அதற்கு ‘பிஷப் வளையம்’ என்று பெயர். நம் வாசகர் இதனை ஆயர் விரலில் அணியும் மோதிரத்தோடு தொடர்புபடுத்த வேண்டா! அதனை முதலில் விவரித்தவர் செரினோ பிஷப் என்னும் சீர்திருத்த சபைப் போதகர்; பிஷப் என்பது அவருடைய குடும்பப் பெயர். நம் சபையாரும் வாளாவிருக்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் இருந்த சேசு சபைக் குருவும் கவிஞருமான ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ், அவ்வாண்டு இறுதியில் ஐரோப்பிய வானில் தோன்றிய வியத்தகு அந்தி நிறங்களை நுணுகி நோக்கி ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழுக்கு எழுதினார். 1884 ஜனவரித் தொடக்கத்தில் அது வெளியாயிற்று. அமெரிக்காவில் சில ஊர்களில், அடிவானத்துச் செம்மையைக் கண்டு ஊர் தீப்பற்றி எரிகிறதென்று தீயணைப்பு வண்டிகளை ஓட்டிச் சென்றனராம்.

இனி, அத்தூசி எதனால் ஆனது என்பதைப் பார்ப்போம். பல காலம் எல்லாரும் சாம்பல் என்றே எண்ணினர். சாம்பல் கனமானது, நாள்களில் அல்லது வாரங்களில் கீழே விழுந்துவிடும். ஆண்டுக்கணக்கில் மேலே தங்குவது வேறொன்று: கந்தகம். எரிமலை கக்கும் வாயுக்களில் கந்தக டை ஆக்சைடு ஒன்று. தீக்குச்சியை உரசும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையதே. இவ்வாயு மேலே சென்று, காற்றில் உள்ள பொருள்களோடும் நீராவியோடும் கூடி, சில வாரங்களில் கந்தக அமிலத்தின் நுண்ணிய திவலைகளாக மாறுகிறது. ‘ஏரோசால்’ என்று விஞ்ஞானிகள் கூறுவது இத்தகைய மிதக்கும் துகள்களையும் திவலைகளையுமே.

எவ்வளவு உயரம் சென்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பகுதியில் தரையிலிருந்து 16, 17 கிலோமீட்டர் வரை உள்ள காற்றிலேயே மேகமும் மழையும் இடியும் நிகழ்கின்றன. அந்த எல்லைக்குள் சிக்கிய தூசியை மழை சில நாள்களில் கழுவிவிடும். அதற்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்கு. அங்கு மழை இல்லை. காற்று மேலும் கீழும் கலப்பதும் குறைவு. அங்கே ஏறிவிட்ட கந்தகத் திவலைகள் ஓராண்டு, ஈராண்டு மிதக்கும். அந்தமானுக்குக் கிழக்கே உள்ள பாரன் தீவு இந்தியாவில் உயிர்ப்புடன் இருக்கும் ஒரே எரிமலை. 1991இல் விழித்தது முதல் அவ்வப்போது புகைந்து கொண்டுதான் இருக்கிறது. ஆயினும் அதன் புகை அவ்வெல்லையைத் தாண்டி நிலைக்காத காரணத்தால் நம் வானிலையில் அதற்குப் பங்கில்லை.

வெடியின் பேரோசைக்கும் விளைவுக்கும் பொருத்தம் இல்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை மலையின் ஒரு பக்கத்தையே பெயர்த்தெறிந்தது. உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் அதன் படம். ஆனால் அது மேலே அனுப்பிய கந்தக வாயு சுமார் 10 இலட்சம் டன்னே. உலக வெப்பநிலை அசையவில்லை. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் அதே அளவு வெடிதான்; ஆனால் ஏறத்தாழ 70 இலட்சம் டன் கந்தக வாயுவை ஏற்றிவிட்டது. அதன் படலம் உலகைச் சூழ்ந்தது.

நம் அண்டை ஊரான தும்பாவின் பெயர் இவ்வாராய்ச்சியில் இடம்பெறுவது நமக்குப் பெருமை தருவது. 1963இல் பாலித் தீவின் அகுங் எரிமலை வெடித்து, அதன் தூசி மேலே உலவிக்கொண்டிருந்த அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி மாலையில், தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது. அது மேலே தூவிய சோடிய ஆவி அந்தி வெளிச்சத்தில் செம்மஞ்சள் மேகமாய்ப் படர்ந்ததைக் கேரளத்திலும் நம் தென்கோடியிலும் மக்கள் அண்ணாந்து பார்த்தனர். அந்த ஆவி நகர்ந்த திசையைக் கொண்டு மேற்காற்றை அளந்தனர். கிரக்கத்தோவா தானாகச் செய்ததை மனிதன் சிறிய அளவில் வேண்டுமென்று செய்தான் என்று கூறலாம். அந்த ஏவுதளத்திற்காக மீனவ மக்கள் தங்கள் நிலத்தையும், புனித மகதலேன் மரியாள் ஆலயத்தையும் விட்டுக்கொடுத்த வரலாறும், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அதற்குத் துணைநின்றதும் நம் குடும்பங்கள் பலவற்றில் பேசப்படுவதே. ஆலயமே முதல் அலுவலகமாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.

அதன் பயன் 1991இல் தெரிந்தது. அவ்வாண்டு ஜூன் 15ஆம் தேதி பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாத்துபோ எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 500 ஆண்டுகளாக உறங்கிய மலை. அது எரிமலை என்பதையே பலர் அறியார். அதன் சரிவில் ஆயித்தா என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் மலையில் ஆவி சீறிக் கிளம்பியதைக் கண்ட அம்மக்கள், தங்களிடையே பணிபுரிந்த மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை அருட்சகோதரி எம்மா ஃபொண்டேவிலாவிடம் கூற, அவர் அவர்களில் சிலரை உடன் அழைத்துக்கொண்டு நேரே அரசின் எரிமலை ஆய்வு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றார். விஞ்ஞானிகள் விரைந்து கருவிகளை நிறுவினர். வெடிப்பதற்குள் பல்லாயிரவர் அப்புறப்படுத்தப்பட்டனர். எனினும் அதே நாளில் புயலும் வந்து, மழையில் நனைந்து கனத்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து சில நூறு பேர் இறந்தனர். எளியவர் சொல்லைக் காதில் வாங்க ஒருவர் இருந்தமையால் தப்பிய உயிர்களின் கணக்கு ஆயிரக்கணக்கில் வரும் என்று அறிஞர் மதிப்பிட்டுள்ளனர்.

பினாத்துபோ ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டன் வரை கந்தக வாயுவை 35 கிலோமீட்டர் உயரம் வரை அனுப்பிற்று. மூன்று வாரங்களில் படலம் உலகைச் சுற்றிவிட்டது. திருவனந்தபுரத்தில் விண்வெளி ஆய்வாளர் லேசர் ஒளியை மேல் நோக்கிப் பாய்ச்சியும், வந்து சேரும் சூரிய ஒளியின் வன்மையை நாள்தோறும் அளந்தும் இப்படலத்தை ஆராய்ந்தனர். ஹைதராபாத்திலிருந்து பலூன்கள் கருவிகளைச் சுமந்து சென்றன. அகமதாபாத்திலும் லேசர் கொண்டு படலம் மெல்ல மெல்லத் தேய்வதைக் கணக்கிட்டனர். 1883இல் நிறமாலைக் கருவியோடு ஒருவர் சென்னையில் நின்ற நிலை எங்கே, இது எங்கே!

விளைவு என்ன? திவலைகள் சூரிய ஒளியின் ஒரு பகுதியை விண்ணுக்கே திருப்பியனுப்பின. 1992இல் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி தாழ்ந்தது. அரை டிகிரிதானே என்று எண்ண வேண்டா. உலகு முழுவதற்குமான சராசரி அது. மேலே, திவலைகள் மிதந்த அடுக்கோ, வெப்பத்தை உறிஞ்சிக் கொண்டு இரண்டு மூன்று டிகிரி சூடேறிற்று. தீய கதிர்களினின்று நம்மைக் காக்கும் ஓசோன் படலமும் மெலிந்தது. நேரே விழும் வெயில் குறைந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் சிதறி வரும் ஒளி கூடியதால் அடர்ந்த காடுகளில் நிழற்பட்ட இலைகளுக்கு ஊக்கம் பிறந்தது என்பர். பயிர்களுக்கு அந்த ஆதாயம் கிட்டவில்லை. வெயில் குறைந்த நட்டம் அதனை விழுங்கிவிட்டது.

நமக்கு முக்கியமானது மழை. கோடையில் நிலம் கடலைவிட மிகுதியாகச் சூடேறுவதே தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிறது. வெயில் மங்கினால் நிலம் கடலைவிட விரைவில் குளிரும், இழுவிசை தளரும், மழை குறையும். 1815இல் சுந்தாத் தீவுகளில் தம்போரா வெடித்தபின், 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. இந்தியாவிலும் பருவமழை முறை தவறியது. 1992இலும் உலக நிலப்பரப்பில் பெய்த மழை குறைந்தது. ஆனால் அவசரப்பட்டு எல்லா வறட்சியையும் எரிமலையின் தலையில் கட்டலாகாது. 1982இல் பருவமழை பொய்த்தது. எல் சிச்சோன் அவ்வாண்டு ஏப்ரலில்தான் வெடித்தது. எனினும் அன்று பசிபிக் கடல் சூடேறிய ‘எல் நினோ’வின் கைவரிசையே பெரிது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முதியோர் சொல்லும் 1876-78ஆம் ஆண்டுக் கொடுமைக்கும் அதுவே முதற்காரணம், எரிமலை அன்று. இரண்டும் சேர்ந்து வரும் ஆண்டுகளில் எது எவ்வளவு என்று பிரிப்பது அறிஞர்க்கும் எளிதாய் இல்லை.

இதையெல்லாம் இப்போது எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. எரிமலை உலகைக் குளிர்விக்கிறதென்றால், புவி சூடேறும் இக்காலத்தில் நாமே கந்தகத்தை விமானங்களில் ஏற்றிச் சென்று மேலே தூவினால் என்ன என்ற யோசனை வலுப்பெற்று வருகிறது. நோபல் பரிசு பெற்ற வேதியியலார் பால் குருட்சன் 2006இல் இது ஆராயத்தக்கது என்று எழுதினார். கரிப்புகையைக் குறைப்பதற்கு இது மாற்றாகாது என்பதையும் அவரே வற்புறுத்தினார். தயங்கத் தக்க செய்திகள் பல. வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும். வடக்கில் வெடித்த எரிமலைகளை அடுத்து ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி வறண்டதுண்டு. ஆசியப் பருவமழை மெலியக்கூடும் என்று கணிப்பொறி ஆய்வுகள் சில எச்சரிக்கின்றன. தொடங்கியபின் திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளில் பாய்ந்து வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் நம்பிக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவிக்கும் உழவரையும், காற்றின் போக்கறிந்து கடலில் இறங்கும் மீனவரையும் கேட்காமல் இம்முடிவை எவர் எடுப்பது? உலக வெப்பத்தைத் திருகிக் குறைக்கும் அந்தக் கை எந்த நாட்டின் கையாக இருக்கும்? இதற்கு விடை கூறும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

எரிமலைகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. 2022 ஜனவரி 15இல் பசிபிக்கில் தொங்கா அருகே கடலடியில் வெடித்த உங்கா எரிமலையின் புகை 57 கிலோமீட்டர் உயர்ந்தது. ஆனால் கந்தகம் குறைவு. கடல் நீரே ஆவியாகி ஏறத்தாழ 15 கோடி டன் அளவில் மேலே ஏறிற்று. வறண்ட அந்த மேலடுக்கில் நீராவி பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. பாவம், மிச்சி ஸ்மித்! நீராவி நீராவி என்று அவர் சொன்னதற்கு ஏற்ற எரிமலை 139 ஆண்டுகள் தாமதமாக வந்தது.

கன்னியாகுமரிக் கடற்கரையில் அந்தியைக் காண வருவோர்க்கு ஒரு குறிப்பு. அடிவானத்தில் நாள்தோறும் காணும் மங்கிய செம்மை, கீழ்க்காற்றின் தூசியாலும் கடல் உப்புத் துகளாலும் ஆவது. சூரியன் மறைந்ததும் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும். வெப்பமண்டலத்தில் ஒரு பெரிய எரிமலை வெடித்த சில மாதங்களில் வந்தால், கூட்டம் கலைந்த பின்னும் நின்று பாருங்கள். சூரியன் கடலில் முழுகி 15 அல்லது 20 நிமிடம் கழித்து, இருள வேண்டிய மேற்கு வானம் மீண்டும் ஊதாவும் இளஞ்சிவப்புமாய் ஒளிரும். தரைக்கு அந்தியாகியும், இருபது கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் திவலைகளுக்கு இன்னும் பகல்.